தண்ணீருக்கு மட்டும்தானா மீட்டர்?

வாலாஜாபாத்தில் போர் போடுவதென்றால் முதலில் நீரோட்டம் பார்ப்போம். தேங்காய்க்காரர் வருவார், நாலு கம்பியும் மீட்டருமாக இன்னொருவரும் வருவார். அதே மனையில் மாடி வீடு கட்டும்போது மட்டும், "பக்கத்து வீட்டுக்கு அஞ்சடி, நமக்கும் அஞ்சடி" என்கிறார் மேஸ்திரி. தலையாட்டுகிறோம். நானும் ஆட்டியவன்தான். ஹால் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. தோண்டிப் பார்த்தால் பாதி மனை தூர்த்த குட்டை!

அந்த நாலு கம்பிதான் மின்தடை ஆய்வு. வெளிக் கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் இன்னும் ஆழம் தெரியும். ஈரக் களிமண்ணில் மின்தடை குறைவு. காய்ந்த மணலிலும் பாறையிலும் அதிகம். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அது சொல்லாது, அதற்குத் துளை போட்டுத்தான் ஆகவேண்டும். எந்த இடத்தில் போடுவது என்று சொல்லும்.

செலவு என்கிறார்கள். 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அது அன்றைக்கு நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். காரணங்கள் பல, அஸ்திவாரமும் அதில் ஒன்று.

ஒரகடம் பக்கம் மனை விற்பவர்கள் வாஸ்து பார்த்துத் தருகிறார்கள். என் மருமகனுக்காக ஒருவரிடம் மண் ஆய்வு அறிக்கை கேட்டேன். "சார், நீங்க வேற இடம் பாருங்க" என்றார்.

பார்த்துக்கொண்டிருக்கிறோம்.