வீடும் வாகனமும்: சக்கரம் நேராக ஓடுகிறதா?



விடுமுறை நாட்கள் வந்துவிட்டால், கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் பிழைப்புக்காகக் குடியேறிய நம் குடும்பங்கள் சொந்த ஊரை நோக்கிப் புறப்படுகின்றன. சிலர் வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழைகின்றனர். வேறு சிலர் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்தின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். முன்பு பேருந்தில் சென்ற பலர், இன்று பழைய கார் ஒன்றை வாங்கி, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செல்கின்றனர். அவர்களுக்குள் எழும் கேள்வி ஒன்று உண்டு. வீல் அலைன்மெண்டை நாமே செய்துகொள்ளலாமா, அல்லது கடையில் பணம் கொடுத்துத்தான் செய்யவேண்டுமா?

இதற்குச் சுருக்கமான விடை இதுவே: அளந்து பார்ப்பதை நாமே செய்யலாம், செய்யவும் வேண்டும். திருத்துவதைக் கருவி உள்ளவரிடம் விடுவதே நலம். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

மூன்று கோணங்கள்

வீல் அலைன்மெண்டில் முக்கியமானவை மூன்று. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது ‘டோ’. முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது ‘கேம்பர்’. சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது ‘காஸ்டர்’. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புவதற்கு இந்தக் காஸ்டரே பெரிதும் காரணம்.

டயரை விரைவில் தின்பது டோவில் வரும் பிழையாகும். ஒரு சிறிய காரின் டயர் விட்டம் ஏறத்தாழ 537 மில்லிமீட்டர். டோ அளவில் மொத்தம் 3 மில்லிமீட்டர் பிழை இருந்தால், ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் சுமார் 2.8 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. நூறு கிலோமீட்டர் சென்றால் 280 மீட்டர்! சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள டயர் இவ்வாறே வீணாகிறது.

ஜீப்பும் காரும் ஒன்றல்ல

“எங்கள் ஊரில் நூல் கட்டியே அலைன்மெண்ட் பார்ப்பார்கள்” என்று சொல்வோர் உண்டு. அது பொய்யன்று. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றி மலையேறும் பழைய மகிந்திரா ஜீப்புகளில், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். கேம்பர் அந்த அச்சிலேயே அமைந்துவிடுகிறது. டை ராடைத் திருப்பி டோவை மட்டும் சரிசெய்தால் போதும். ஆகவே நூலும் அளவுநாடாவும் அங்கே பயன்பட்டன.

காரில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குகிறது. 1983-இல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 போன்ற சிறிய கார்களிலும், சாதாரணமாகத் திருத்தக்கூடியது டோ மட்டுமே. ஆயினும் ஒரு பள்ளத்தில் பலமாக மோதினால் கேம்பரும் காஸ்டரும் மாறிவிடக்கூடும். அதை நூல் காட்டாது.

வீட்டில் அளக்கும் முறை

1. முற்றிலும் சமமான தரையில் காரை நிறுத்துங்கள். மலைப்பகுதி வீட்டு முற்றங்களில் இது கிடைப்பது அரிது. சரிவான தரையில் எடுக்கும் அளவை நம்பவேண்டாம்.

2. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, காரைச் சில மீட்டர் முன்னே தள்ளி நிறுத்துங்கள்.

3. இரு முன்டயர்களின் பின்பக்கத்திலும் ஒரே உயரத்தில், நடுப்பகுதியில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, இடைத்தூரத்தை அளவுங்கள். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் தேவை.

4. அடையாளங்கள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னே தள்ளி, மீண்டும் அளவுங்கள். இரண்டு அளவுகளின் வேறுபாடே டோ. முன்பக்க அளவு குறைந்தால் டோ இன். கூடினால் டோ அவுட்.

5. இந்த அளவை உங்கள் காருக்குத் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவோடு ஒப்பிடுங்கள். எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு இல்லை.

டயரும் பேசும். அதன்மேல் குறுக்காகக் கையைத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் கூராகவும் இருந்தால் டோவைச் சந்தேகிக்கவேண்டும். ஒரு டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், கேம்பரையும் பார்க்கவேண்டும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். நேர்ச்சாலையில் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், முதலில் வீல் பேலன்சிங்கைப் பாருங்கள். அது அலைன்மெண்டிலிருந்து வேறானது.

வாளையாற்றிலிருந்து பாலக்காடு நோக்கிச் செல்லும் சாலை பெரும்பாலும் சமவெளி. அங்கே கார் இடப்பக்கம் சற்று இழுத்தால், உடனே பயப்படவேண்டாம். மழைநீர் வடிவதற்காகச் சாலையே ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ஆனால் சமமான இடத்திலும் இழுத்தால், காற்றையும் பிரேக்கையும் பார்த்தபின் அலைன்மெண்டைக் கவனிக்கவேண்டும். போடிமெட்டில் நிலைமை வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காரின் எடை முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. மழையில் ஓரம் தேய்ந்த டயர் பிடிப்பை இழக்குமானால், ஆபத்து உள்ளே அமர்ந்திருக்கும் அனைவருக்கும்தான்.

ஏன் கடைக்குச் செல்லவேண்டும்?

டை ராடின் ஒரு முழுச் சுற்றே டோவைப் பல மில்லிமீட்டர் மாற்றிவிடும். இருபக்கமும் சமமாகத் திருப்பாவிட்டால், கார் நேராகச் சென்றாலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். லாக் நட்டைச் சரியாக இறுக்காவிட்டால் ஸ்டீயரிங் கட்டுப்பாட்டுக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவதோ உயிருக்கே ஆபத்து. புதிய கார்கள் பலவற்றில் அலைன்மெண்டுக்குப்பின் ஸ்டீயரிங் கோணத்தை அறியும் சென்சாரையும் கணினியால் சீரமைக்கவேண்டும். இவற்றை எண்ணிப்பார்த்தால், சிறிய காருக்குச் சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலைக்குச் செலவிடுவது வீண்செலவன்று.

கடையில் கேட்கவேண்டியவை

முதலாவதாக, பால் ஜாயிண்ட், டை ராட் முனை, புஷ், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பாகத்தின்மேல் செய்யும் அலைன்மெண்ட் நிலைக்காது. இரண்டாவதாக, திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்சிட்ட தாளாகக் கேளுங்கள். மூன்றாவதாக, பின்சக்கரங்களையும் அளந்தார்களா என்று கேளுங்கள். கேம்பரைத் திருத்தக் கூடுதல் பணம் கேட்டால், எந்தப் பாகத்தை, எவ்விதமாக என்று விசாரியுங்கள். வளைந்த பாகத்தை வளைத்தே நேராக்குவதைவிட, மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

வீட்டில் அளந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவரை எளிதில் ஏமாற்ற இயலாது. அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் நமக்குத் தருவது அந்த அறிவைத்தான். ஆகவே, அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே டயர்களைத் தடவிப்பாருங்கள், அளவுங்கள், பிழை தெரிந்தால் கடைக்குச் செல்லுங்கள். புறப்படும் நாள் காலையில் கண்டுபிடிக்கும் பழுதைச் சரிசெய்ய நேரம் இராது. அப்படியே புறப்படத்தான் மனம் சொல்லும்.