வேடந்தாங்கலை வெட்டிச் சுருக்காதீர்கள்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் எல்லையை ஐந்து கிலோமீட்டர் ஆரத்திலிருந்து மூன்றாகக் குறைக்க 2020இல் தமிழக அரசு எடுத்த முடிவுக்குச் சொல்லப்பட்ட எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதாக இல்லை. கொரோனா அச்சத்தில் மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, கோப்பு தேசிய வனவிலங்கு வாரியம்வரை போய்விட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, பரப்பு குறையாது, மண்டலங்களாகப் பிரிக்கிறோம், அவ்வளவுதான் என்று ஒரு விளக்கம் வந்தது. சரணாலய நிலத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. அதையே ‘சூழல் உணர்திறன் பகுதி’ என்று மாற்றி எழுதினால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். விளக்கம் எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல.

ஐந்து மூன்றாகிறது என்றால் இரண்டு கிலோமீட்டர்தானே போகிறது என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 78 சதுர கிலோமீட்டராக இருப்பது 28 ஆகிவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாகப் பறிபோகிறது.

பறவைகள் ஏரியில்தானே இருக்கின்றன, வயலும் ஊரும் எதற்குச் சரணாலயத்துக்குள் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் நம்மை அதிகம் கொதிக்க வைக்கிறது. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்த ஏரியால் மட்டும் சோறு போட முடியாது. அது பிரசவ வீடு. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பூனையும் நரியும் ஏறி வர முடியாது என்பதால் அங்கே கூடு கட்டுகின்றன. இரையில் பெரும்பகுதி வெளியே இருக்கிறது. சுற்றுவட்டார நெல்வயல்களிலும் சிற்றேரிகளிலும் வாய்க்கால்களிலும்தான் அவை மேய்கின்றன.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். வயல் சேற்றில் கிடக்கும் நத்தையைப் பிடித்து, ஓட்டைப் பெரும்பாலும் உடைக்காமலே, கீழலகின் கூர்முனையை உள்ளே செலுத்தித் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். குஞ்சின் அலகில் அந்த இடைவெளி கிடையாது. அது வளர்ந்த பிறகுதான் வரும். குஞ்சு பறக்கத் தொடங்கும்வரை தாயும் தந்தையும் மாறி மாறிப் பறந்துபோய் இரையை விழுங்கி வந்து கூட்டில் கக்கினால்தான் அது பிழைக்கும். வெயில் ஏறினால் ஒன்று சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து அவற்றின் மேல் ஊற்றுவதும் உண்டு. ஒன்று காவலுக்கு நிற்கும்போது மற்றது இரை தேடி எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்பதில் இருக்கிறது குஞ்சின் ஆயுள். பக்கத்து வயல் கட்டடமானால் அந்தத் தூரம் கூடும். வாய்க்காலில் ஆலைக்கழிவு கலந்தால் நத்தையிலும் மீனிலும் நஞ்சு சேரும். அதைத் தின்று வளரும் குஞ்சின் உடலிலும் அதுவே சேரும். கூழைக்கடாவுக்கும் கரண்டிவாயனுக்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கும் இதே கதைதான். வடக்கே வெகுதொலைவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்துகள் இங்கே முட்டையிடுவதில்லை. குளிரைக் கழித்து, திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு போகின்றன. அவற்றுக்கும் வேண்டியது இந்த ஈரநிலங்கள்தான்.

அந்த இரண்டு கிலோமீட்டர் வளையத்தில் ஒரு மருந்து ஆலை அப்போது விரிவாக்க அனுமதிக்குக் காத்திருந்தது ஊரறிந்த செய்தி. அதற்கும் எல்லைக் குறைப்புக்கும் தொடர்பில்லை என்றார்கள். தொடர்பில்லையென்றால் இந்த அவசரம் யாருக்காக?

ஊர் மக்களுக்கு வீடு கட்டுவதில் இடைஞ்சல் இருப்பது உண்மை. அதைத் தீர்க்க எல்லையை அறுக்க வேண்டியதில்லை. பறவைகளை முதலில் காத்ததே இந்த மக்கள்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 1798 வாக்கிலேயே பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் பயிருக்கு எரு என்பது அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் அந்த ஊர்களில் எத்தனை பேரைக் கலந்து பேசினார்கள்?

இதே அதிகார மட்டம் ஈரநிலங்களை நடத்திய விதம் நமக்கு மறக்கவில்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைத் தரிசு என்று எழுதினார்கள். நடுவே அகலச் சாலை போட்டார்கள், பெருங்குடியில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள், அரசு நிறுவனங்களுக்கே இடம் பிரித்துக் கொடுத்தார்கள். சதுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிஞ்சிய பிறகு, 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 2015 வெள்ளத்தில் தென்சென்னை மிதந்தபோது அந்தச் சதுப்பின் அருமையைப் பேசியவர்களும் இவர்களே. எண்ணூரில் அனல்மின் சாம்பல் கழிமுகத்தை மூடியது. மீனவர்கள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் வளர்ச்சி என்றார்கள், நிபுணர் கருத்து என்றார்கள், பாதிப்பு வராது என்றார்கள். தவறிய எந்த முடிவுக்கும் ஒருவர்கூடப் பொறுப்பேற்கவில்லை. அந்த வாக்குறுதிகளின் கதி கண்முன்னே கிடக்க, வேடந்தாங்கலிலும் நம்பச் சொல்வது மக்களை அவமதிப்பதாகும்.

1998இல் இந்த ஐந்து கிலோமீட்டரை அறிவித்ததும் ஒரு மாநில அரசுதான். 2020 வரையான 22 ஆண்டுகளில் பறவையின் வாழ்க்கை மாறவில்லை, வயலை நம்பித்தான் இன்றும் குஞ்சு வளர்க்கிறது. மாறியது நிலத்தின் விலை. தேசிய வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் சரணாலய எல்லையைத் தொட முடியாது என்பது சட்டம். இத்தகைய கோப்பு எதுவானாலும் அந்த வாரியம் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குக் காத்திராமல் மாநில அரசே திரும்பப் பெறுவது இன்னும் நல்லது. ஊர் மக்களையும் பறவைகளை அறிந்தவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, வயலையும் ஏரியையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு ஒன்றை, வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பறவைகள் கூடு கட்ட வருவதற்குள் தொடங்கியாக வேண்டும்.