ஐந்து நாள் காத்திருப்பு

எங்கள் அடி அண்ணாமலை வீட்டில் 2004-ஆம் வருஷம் நடந்ததை இன்று சொல்கிறேன்.

என் ஓரகத்திக்கு அப்போது 19-ஆவது வாரம். ஸ்கேனில் சிசுவின் பின்கழுத்துச் சதை தடிப்பாகத் தெரிந்தது. குரோமோசோம் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சென்னைக்கு அனுப்பினார். துணைக்குப் போனது நான்தான்.

நம் உடம்பின் அணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. 21-ஆவது ஜோடியில் ஒன்று கூடி 47 ஆனால், அது டவுன் சிண்ட்ரோம். பனிக்குட நீரிலுள்ள அணுக்களை வளர்த்து எண்ணுவதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். சட்டமோ கருக்கலைப்புக்கு அன்று 20 வாரம்தான் கெடு வைத்திருந்தது. அதனால், ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்தித் தொப்புள்கொடியிலிருந்து சிசுவின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்தார்கள். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் இரண்டு மூன்று நாளில் பெருகிவிடும். அவற்றைப் பெருக வைப்பது எது தெரியுமோ? நம் சமையலறை ராஜ்மா பயற்றில் இருக்கும் ஒரு புரதம்! இந்த ஊசியால் நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பம் கலையக்கூடும் என்பதை முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

ரிசல்ட் வர ஐந்து நாள். அதற்குள் வீட்டில் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. "கிரகணத்தன்னிக்கு வெளியே போனா இப்படித்தான்" என்றார் அத்தை. "அப்படியே ஆணா பொண்ணான்னும் கேட்டுட்டு வாங்க" என்று வேறு! அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ராத்திரி ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்றாள்.

ரிசல்ட் 46 என்று வந்தது. அத்தை தேங்காய் உடைத்தார். ஆனால் அந்த ஐந்து நாள் பேச்சை ஓரகத்தி இன்றும் மறக்கவில்லை.

கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே தற்செயலாக நேர்வது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்று 10-ஆவது வாரத்திலேயே தாயின் கை ரத்தத்தில் முதல்கட்டமாகப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் பனிக்குட நீரிலேயே சில நாளில் உறுதி செய்கிறார்கள். அதனால் தொப்புள்கொடி ஊசி இப்போது அபூர்வம். குழந்தைக்குப் பெருங்குறை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால், 24 வாரத்துக்குப் பிறகும் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

பரிசோதனை செய்துகொள்வதா, அதன்பின் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தப் பெண்ணும் கணவரும் டாக்டரிடம் பேசி எடுக்க வேண்டிய முடிவு. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: காத்திருக்கும் நாளில் ஒரு வாய் சோறு ஊட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.