ஓசி டீச்சர்

புன்னக்காயல்ல எங்க தெரு அக்கா ஒருத்தங்க பி.எட். டீச்சிங் பிராக்டிஸ் முடிச்சிட்டாங்க. எப்படிக்கா இருந்துச்சுன்னு கேட்டேன். "பிள்ளைங்க தங்கம்டே. ரெக்கார்டு நோட்டும் பஸ் காசும்தான் உயிரை வாங்கிட்டு"ன்னாங்க. ஆசிரியப் பணின்னாலே எல்லாரும் முதல் வரிக்கு உருகுவாங்க. நான் பி.காம்., எனக்கு ரெண்டாவது வரிதான் கண்ணுல பட்டுச்சு.

கணக்கைப் பாருங்க மக்கா. 2014ல வந்த என்.சி.டி.இ. விதிமுறைப்படி ரெண்டு வருஷ பி.எட்.ல இரண்டாம் வருஷம் மட்டும் 16 வாரம் பள்ளிக்கூடத்துல இருக்கணும். வாரத்துக்கு 5 நாள்னா 80 நாள். நாளைக்கு நாலே பீரியட்னு வச்சாலும் 320 பீரியட். இதுக்கு வரவு பூஜ்யம். செலவு? பஸ், சேலை, சார்ட், ஸ்கெட்ச், ரெக்கார்டு. போதாக்குறைக்கு அந்த மாசங்களுக்கும் சேர்த்துத்தான் காலேஜ் ஃபீஸ்.

"கத்துக்க வந்தவங்களுக்கு எதுக்குக் காசு?"ம்பாங்க. அப்படியா? சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் போறவங்களும் கத்துக்கத்தான் போறாங்க, ஆடிட்டர் ஸ்டைபண்ட் கொடுத்தே ஆகணும். ஹவுஸ் சர்ஜனுக்கு உண்டு. ஐ.டி.ஐ. முடிச்ச அப்ரண்டிஸுக்கு 1961லயே சட்டம் போட்டாச்சு. 2024ல மத்திய அரசு அறிவிச்ச இன்டர்ன்ஷிப் திட்டத்துல, கம்பெனிக்குப் போற பையனுக்கு மாசம் 5000 ரூபாய். வகுப்புல நிக்கிற அக்காவுக்கு மட்டும் "சேவை"ன்னு ஒரு சர்டிபிகேட். அட போங்கப்பா!

சேவைன்னதும் எங்க ஊர் கதை ஒண்ணு ஞாபகம் வருது. 1542ல சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். ஊர் ஊரா பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க உள்ளூர் ஆட்களை வச்சார். அவங்களுக்குப் பேரு என்ன தெரியுமா? கணக்கப்பிள்ளை! (நம்ம இனம்தான், ஹி ஹி.) சேவைதானேன்னு அவங்களை அவர் சும்மா விடலை. இந்தக் கரையிலேர்ந்து வருஷா வருஷம் போர்ச்சுகல் ராணியோட செருப்புச் செலவுக்குன்னு போன 4000 பணத்தைக் கேட்டு வாங்கி, அதுலேர்ந்து சம்பளம் கொடுக்க ஏற்பாடு பண்ணினார். புனிதருக்கே சம்பளத்துல கூச்சம் இல்லை. நமக்கு என்ன கூச்சம்?

காசு மட்டும் பிரச்சினை இல்லைங்க. ஓசியில கிடைக்கிற ஆளுக்கு மதிப்பு இருக்காது. ரெகுலர் டீச்சர் லீவா, தேர்தல் வேலையா, கூப்பிடு டிரெய்னியை. பின்வரிசையில உக்காந்து பாடத்தைக் கவனிச்சு, "இந்த இடத்துல பிள்ளைங்களுக்குப் புரியலைம்மா"ன்னு சொல்ல ஆள் இல்லாட்டி அதுக்குப் பேரு பயிற்சியா? காலிப் பணியிடத்தை மூடுற அட்டை. வருஷா வருஷம் அட்டை மாறும், நட்டம் அந்த வகுப்புப் பிள்ளைங்களுக்கு.

கேக்குறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்த 16 வாரத்துக்கு ஸ்டைபண்ட். ரெண்டு, அனுபவமுள்ள டீச்சர் கூட இல்லாம டிரெய்னியைத் தனியா வகுப்புக்கு அனுப்பக் கூடாது. காசு கொடுத்துப் பாருங்க, ரெண்டாவது தன்னால நடக்கும். சம்பளம் போட்ட இடத்துலதான் கணக்குக் கேப்பாங்க.

டிஸ்கி: "டீச்சர் வேலை ஈஸிடா, மூணு மணிக்கு மேல ஃப்ரீ"ன்னு சொல்ற என் வகுப்பு நண்பர்கள், எட்டாம் வகுப்புக்கு ஒரே ஒரு பீரியட் வட்டிக் கணக்கு எடுத்துட்டு வந்து பேசவும்.