சொன்னவர் யார்?



கடைத்தெருவில் யாரோ நீட்டிய துண்டுப் பிரசுரம் ஒன்று உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி காணப்படும். அச்சகத்தின் பெயர்; அதன் ஊர். படிப்பவர் எவரும் அவ்வரியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அதற்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. 1867-ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சி கொண்டுவந்த அச்சகப் பதிவுச் சட்டம், இந்நாட்டில் அச்சாகும் நூலும் தாளும் அச்சிட்டவரின் பெயரையும் இடத்தையும் தாங்கி வரவேண்டும் என விதித்தது. அச்சகங்களைத் தம் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பதே ஆள்வோரின் நோக்கம். எனினும் அதனால் மக்களுக்கும் ஒரு நன்மை விளைந்தது. எழுதப்பட்டது பொய்யாயின், 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்டுச் செல்ல ஒரு வாசற்படி இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் இதழ்களுக்கென 2023-இல் புதிய சட்டம் வந்துவிட்டது. இன்றும் எந்த இதழைப் புரட்டினாலும் ஏதோவொரு மூலையில் வெளியிட்டவரின் பெயரைக் காணலாம்.

இப்பொழுது உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். இன்று காலை முதல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த செய்திகள் எத்தனை? இந்தக் கனியைத் தின்றால் புற்றுநோய் அண்டாது. அந்த மாத்திரையைத் தொட்டால் சிறுநீரகம் போய்விடும். குறிப்பிட்ட தடுப்பூசியைப் போட்டால் பிள்ளைக்கு ஆபத்து. இவற்றுள் எத்தனைக்கு எழுதியவர் பெயர் உண்டு? எத்தனைக்கு ஊர் உண்டு? அவசரம், அனைவருக்கும் அனுப்புங்கள் என்ற வேண்டுகோள் மட்டும் தவறாமல் இருக்கும்.

வெங்காய விலை பற்றிய வதந்தியால் நமக்குப் பத்து ரூபாய் நட்டமாகலாம். மருந்து பற்றிய வதந்தியோ உயிரோடு விளையாடுவது. ஆகவே இம்மாதம் அதுபற்றிச் சற்று விரிவாகவே உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஓர் ஊசியும் ஓராயிரம் செய்திகளும்

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கான தடுப்பூசி போடும் பெருமுகாம் தமிழகத்தில் தொடங்கியது. கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளிலும் அதே வேளையில் நடந்தது. பள்ளிக்கூடங்களிலேயே ஊசி போட ஏற்பாடாயிற்று. ஊசி வருவதற்கு முன்பே செய்திகள் வந்துவிட்டன. இது வெளிநாட்டுச் சதி என்றது ஒன்று. நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்றது மற்றொன்று. உண்மையில் அந்த மருந்து நம் நாட்டில் புனே நகரில் தயாரானது. நமக்கு முன்னரே பல நாடுகளின் குழந்தைகளுக்குப் போடப்பட்டு வந்தது. இந்த உண்மை ஊர்போய்ச் சேருமுன் பொய் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பல பெற்றோர் ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்கப்பட்டது.

அந்நாளில் மாலை மக்தபு முடிந்து பிள்ளைகள் கலைந்த நேரத்தில், தாய் ஒருவர் கைப்பேசியோடு வந்து வாசலில் நின்றார்.

"ஹஜ்ரத், பிள்ளைக்கு ஊசி போட வேணாம்னு இதுல போட்டிருக்கு. ஸ்கூல்ல கையெழுத்துக் கேக்குறாங்க. போடவா, வேணாமா?"

"இதை உங்களுக்கு அனுப்பியது யாரும்மா?" என்று கேட்டேன்.

"எங்க நாத்தனார்."

"அவருக்கு?"

"அவங்க மாப்பிள்ளை துபாய்ல இருந்து அனுப்பினாங்களாம்."

"அவருக்கு?"

அங்கேயே நின்று அவர் நாத்தனாரிடம் பேசினார். சற்று நேரத்தில் மறுமொழி வந்தது. துபாயில் உடன் தங்கியிருக்கும் நண்பருக்கு ஏதோ ஒரு குழுவிலிருந்து வந்ததாம். அதற்கு மேல் அந்தச் சங்கிலிக்குக் கண்ணி இல்லை.

"உங்கள் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தது யார்?" என்று கேட்டேன். அந்தச் செவிலியரின் பெயரைச் சொன்னார். அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், எந்தக் கிழமை துணைச் சுகாதார நிலையத்தில் இருப்பார் என்பது வரை அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. "நாளை அவரிடம் போய் இந்தச் செய்தியைக் காட்டி, உங்கள் ஐயத்தையெல்லாம் கேளுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்" என்றேன். மறுநாள் அவர் கேட்டார். மனம் தெளிந்து கையெழுத்திட்டார்.

பெயர் தெரியாத ஒருவரின் சொல், பெயரும் முகமும் வீடும் தெரிந்த ஒருவரின் சொல்லை ஒரு நாள் முழுதும் அச்சுறுத்தி வைத்திருந்தது. இக்காலத்தின் நோய் இதுதான்.

அறிஞர்கள் கையாண்ட முறை

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் செய்தியின் பொருளை மட்டும் பார்த்து அதனை ஏற்றுக்கொண்டதில்லை. யார் சொன்னார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவரை உண்மையில் சந்தித்தாரா, நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். இடையில் ஒருவர் பெயர் விடுபட்டாலும் அச்செய்தியின் தரம் தாழ்ந்தது. அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதே தனியொரு கலையாக வளர்ந்தது. மதரஸாவில் இதைப் பல ஆண்டுகள் பயில்கிறோம். பாடம் முடிந்து வெளியே வந்ததும், தலையும் வாலும் இல்லாத செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பயின்ற பாடத்தால் என்ன பயன்?

மருத்துவ அறிவும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் அபூபக்ர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனி நூலே எழுதினார். தாம் கண்ட அறிகுறிகளைத் தம் பெயரிலேயே எழுதிவைத்தமையால், பின்வந்தோர் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

1941-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையுடன் அடுத்தடுத்து வந்த குழந்தைகளைக் கண்டு திகைத்தார். தாய்மாரிடம் விசாரித்தார். பெரும்பாலோர் கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா கண்டவர்கள் என்பது தெரியவந்தது. மற்ற மருத்துவர்களிடமும் கேட்டு, 78 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி வெளியிட்டார். தாய்க்குச் சிறு காய்ச்சலாகவும் தடிப்பாகவும் வந்துபோகும் ரூபெல்லா, வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாழாக்கும் என்பதை உலகம் அப்படித்தான் அறிந்தது. தாய்மாரின் பேச்சே அங்கும் தொடக்கம். ஆனால் அவர் கேட்டார், எண்ணினார், ஒப்பிட்டார், பின்பு தம் பெயரை எழுதினார்.

பெயர் இருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடுமா? ஆகாது. 1998-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரும் அவருடன் இருந்தோரும், 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான ஒருங்கிணைந்த தடுப்பூசிக்கும் ஆட்டிசம் எனும் மன வளர்ச்சிக் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. பல நாடுகளில் பெருந்தொகையான குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. 2010-இல் அந்த மருத்துவ இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரையில் பெயர் இருந்ததால்தான் விசாரிக்க முடிந்தது. பெயரில்லாத செய்தியை எந்த மன்றத்தில் நிறுத்துவீர்கள்?

விலை கொடுத்தவர்கள்

தட்டம்மை எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துபோவதுதானே என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உண்டு. தொற்றும் நோய்களுள் இதனை விஞ்சுவது அரிது. எதிர்ப்புச் சக்தியற்றோர் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேர் வரை பரப்பக்கூடும். நுரையீரல் அழற்சி, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி, பார்வையிழப்பு ஆகியன இதன் பின்னால் வருகின்றன. மற்ற நோய்களுக்கெதிராக உடல் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பாற்றலையும் இது அழித்துச் செல்கிறது என்பதை 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தடுப்பூசி போட்டிருந்தால்தான் ஊருக்குள் இந்நோய் பரவாமல் நிற்கும். எனவே என் பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் சொல்லும்போது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் பாதுகாப்பையும் சேர்த்தே மறுக்கிறேன்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டி போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டனர். கொரோனாக் காலத்தில் விடுபட்ட தடுப்பூசிகள் அதற்கு ஒரு காரணம். அச்சமும் ஒரு காரணம். ஏழைகளும் கல்லாதவர்களும் வாழும் இடமல்லவா என்று சொல்லித் தப்பிக்க இயலாது. 2000-ஆம் ஆண்டில் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்த நாடு அமெரிக்கா. அந்நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளம்பிய நோய், ஆகஸ்டு மாதம் அடங்குவதற்குள் 762 பேரைப் பீடித்தது. பள்ளி வயதுச் சிறார் இருவர் இறந்தனர். இருவரும் தடுப்பூசி போடாதவர்கள். செல்வமும் கல்வியும் வதந்திக்கு வேலியாகவில்லை.

ஊசியைப் பற்றிய பொய் மெல்லக் கொல்கிறது. வேறு சில பொய்களோ அன்றைக்கே கொன்றுவிடுகின்றன. 2018-ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து தம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் திரிகிறது என்ற செய்தி அப்போது கைப்பேசிகளில் பரவியிருந்தது. கூடிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் கைமாறி வரும் செய்திகளுக்கு ஓர் அடையாளம் இடத் தொடங்கியது. ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதபடி இந்தியாவில் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. அந்த அடையாளத்தைக் காணும்போதெல்லாம், 'இதைச் சொன்னவர் உங்களுக்கு அனுப்பியவர் அல்லர்' என்று அது எச்சரிப்பதாகக் கொள்ளுங்கள்.

கேட்பது குற்றமன்று

இங்கே நீதியாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஐயம் கொண்ட தாயை அறிவிலி என்று ஏசுவது அநியாயம். தன் பிள்ளையின் உடம்பில் என்ன ஏறுகிறது என்று கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. கேட்டவளுக்கு எரிச்சலோடு பதில் சொல்லும் மருத்துவமனையும், விளக்கம் ஏதுமின்றிக் கையெழுத்து மட்டும் கேட்கும் பள்ளியும் வதந்திக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. ஊசிக்குப் பின் இலேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம். அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை வந்த பிள்ளைக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும். இவ்வளவையும் முன்கூட்டியே எளிய தமிழில் சொன்னால் பாதி வதந்தி பிறக்காமலே போகும். உள்ளதைச் சொல்பவரை மக்கள் நம்புவார்கள். மறைப்பவரையே சந்தேகிப்பார்கள்.

அச்சத்தை வென்ற ஒரு மனிதரின் வரலாறும் உண்டு. சோமாலியாவின் மெர்க்கா நகரில் அலி மாவ் மாலின் என்பவர் ஒரு மருத்துவமனையில் சமையல்காரராக இருந்தார். மருத்துவமனையில் வேலை செய்தும், ஊசி வலிக்கும் என்றஞ்சி அம்மை குத்திக்கொள்ளாமல் தப்பி வந்தார். 1977 அக்டோபரில் அவரைப் பெரியம்மை பற்றியது. அவர் பிழைத்துக்கொண்டார். இயற்கையாகப் பரவிய பெரியம்மைக்கு உலகிலேயே கடைசியாக ஆளானவர் அவரே. பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தயங்கும் தாய்மாரிடம் தம் கதையையே எடுத்துரைத்தார். 2013-இல் அங்கே மீண்டும் போலியோ தலைகாட்டியபோது அந்தப் பணியில் இருந்த நாள்களிலேயே மலேரியாக் காய்ச்சல் கண்டு மறைந்தார். பெயரும் ஊரும் அனுபவமும் கொண்ட ஒருவரின் சொல்லுக்கு வலிமை எத்தகையது, பாருங்கள்!

வாசகர்களே! மருத்துவம் பற்றிய செய்தி ஒன்று வந்தால், முதலில் எழுதியவர் பெயரைத் தேடுங்கள். இல்லையெனில் அது உங்கள் கையிலேயே நிற்கட்டும். பெயர் இருந்தால் அவர் அத்துறையை அறிந்தவர்தானா என்று பாருங்கள். உங்கள் தெருவிற்கு வரும் செவிலியரிடமோ குடும்ப மருத்துவரிடமோ காட்டிக் கேளுங்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தவறான செய்தியை அனுப்பினால் எல்லோர் முன்னும் வெட்கப்படுத்தாமல் தனியே அன்போடு சொல்லுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை வீட்டுப் பத்திரங்களோடு பத்திரமாக வையுங்கள். இன்றைக்கே அதை எடுத்து, விடுபட்டது ஏதேனும் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் நாமும் ஒரு சாட்சி. நம்மிடம் பெற்றவர் நாளை வந்து, சொன்னவர் யார் என்று கேட்பார். அவரிடம் கூறுவதற்கு ஒரு பெயர் நம்மிடம் இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.