தீவுப் பள்ளியில் நம் வீட்டுப் பெண்



நம் அடுக்களையில் மாசிக் கருவாட்டை இடிக்கும்போது, அது எந்த நாட்டுப் பண்டம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் உலர்த்தும் கைத்திறன் மாலத்தீவு மக்களுடையது. 'மாஸ்' என்றால் அவர்கள் மொழியில் மீன். அவர்கள் நாட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து காய்கறிகளும் கட்டுமானப் பொருள்களும் நெடுங்காலமாகத் தோணிகளில் சென்று வந்திருக்கின்றன. இன்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து வேறொன்றும் அங்கே செல்கிறது. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்த நம் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளுக்குப் பாடம் சொல்லப் போகிறார்கள்.

அவர்களுள் ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். அவர் என் பங்கைச் சேர்ந்த பெண், கணித ஆசிரியை, வயது 30. தம் பெயரும் தாம் பணிபுரியும் தீவின் பெயரும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு எழுத இசைவு தந்தார். அவருடைய தந்தையும் இசைந்தார். வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் மறைமாவட்டத்தில் பல இருப்பதால், இது ஒரு வீட்டுக் கதையாக மட்டும் நின்றுவிடாது என்று நம்புகிறேன்.

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் கொண்ட நாடு. மக்கள் வாழும் தீவுகள் 200-க்கும் குறைவு. நாட்டின் மிக உயர்ந்த இயற்கைத் தரையும் கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் இல்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்போர் 5 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் நால்வருக்கு ஒருவர் வெளிநாட்டவர். 1960-களில் அந்நாடு ஆங்கிலவழிக் கல்வியை மேற்கொண்டது. மேல் வகுப்புகளில் கணிதமும் அறிவியலும் கற்பிக்க, அதிலும் தலைநகருக்குத் தொலைவிலுள்ள தீவுகளில், உள்நாட்டு ஆசிரியர்கள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்களில் கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் மிகப் பலர்.

நம் ஆசிரியை 2019-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டார். விமானப் பயணம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆனால் தலைநகர் மாலேயிலிருந்து தம் தீவுக்கு விசைப்படகில் செல்ல அதைவிடக் கூடுதலான நேரமாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகுகள் நின்றுவிடும் நாள்களும் உண்டு. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க இருபது நிமிடங்கள் போதும். எந்தத் தெருவில் நின்றாலும் அலையோசை கேட்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண்தான் அவர். இருந்தும், 'சாமி, எங்க ஊரில் கடல் ஒரு பக்கம்தான். இங்கே நாலு பக்கமும் கடல்' என்று முதல் வாரத்தில் எனக்குச் சொல்லி அனுப்பினார். அச்சொற்களில் வியப்பைவிட அச்சமே மிகுந்திருந்தது.

அச்சம் தணியக் காரணமானவர்கள் மாணவர்கள். அவர்கள் தாய்மொழியான திவேகி வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஆங்கிலமும் கணக்கும் இடமிருந்து வலமாகச் செல்பவை. ஒரே காலையில் இரு திசைகளிலும் எழுதப் பழகிய பிள்ளைகளுக்கு எண்கோட்டில் குறை எண்களை விளக்குவது தாம் எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது என்கிறார். அரிசிச் சோறும் சூரை மீனும் நமக்குப் புதியவை அல்ல. 'கருதியா' என்று அவர்கள் சொல்லும் தெளிந்த மீன்சாற்றுக்குப் பழக மட்டும் சில நாள்கள் ஆயின. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு தட்டு மூடி அனுப்பத் தவறுவதில்லை. நோன்பிருக்கும் மக்களின் நடுவே பகலில் வெளியிடத்தில் உண்ணாதிருப்பதை நம் ஆசிரியையும் தவறாது கடைப்பிடிக்கிறார்.

2004 டிசம்பர் 26 அன்று நம் கரைகளை அழித்த அதே ஆழிப்பேரலை மாலத்தீவையும் தாக்கியது. அங்கே 100-க்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோயிற்று; சில தீவுகளை மக்கள் ஒரேயடியாகக் கைவிட நேர்ந்தது. அன்று இந்தப் பெண்ணுக்கு வயது ஒன்பது. இப்போது அவரிடம் படிக்கும் பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஒரு நாள் வகுப்பில் அந்தப் பேச்சு வந்தது. தம் ஊரில் தாம் கண்டதை அவர் சொல்ல, தங்கள் பாட்டன்மார் கண்டதைப் பிள்ளைகள் சொல்ல, அன்றைய கணக்குப் பாடம் நடக்கவில்லை. 'அந்த நாளிலிருந்து நான் அவர்களுக்கு வெளிநாட்டு மிஸ் இல்லை' என்று அவர் எழுதினார்.

இனி, அவருக்குக் கடினமானதைச் சொல்கிறேன். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வாரத்தின் முதல் வேலை நாள். நாட்டில் ஆலயம் இல்லை. இஸ்லாம் அல்லாத சமயங்களின் பொது வழிபாட்டுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுசெல்லவும் தடை உண்டு. இவற்றை முன்பே அறிந்துதான் அவர் சென்றார். விருந்தினராகச் சென்ற நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று நானும் சொல்லி அனுப்பினேன். நம் பங்கில் ஞாயிறு முதல் பூசை காலை ஆறு மணிக்கு. அங்கே அப்போது ஐந்தரை. கதவைச் சாத்திக்கொண்டு அன்றைய வாசகங்களைத் தமக்குள் வாசித்துவிட்டு, ஏழு மணிக்கு அவர் பள்ளியில் நிற்கிறார். குருவும் திருப்பலியும் இல்லாத இடத்தில் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடும்படி 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1248-ஆம் எண்ணில் பரிந்துரைக்கிறது. ஆகவே இதில் அவர் மனம் கலங்க வேண்டியதில்லை. உயிர்ப்பு ஞாயிறு அவருக்கு வேலை நாள். பெரிய வெள்ளி மட்டும் எந்த ஆண்டும் விடுமுறை. நாம் மணியோசை கேட்டும் புரண்டு படுக்கும் ஞாயிறுகளை எண்ணிப் பார்க்க இது நல்ல இடம்.

ஆனால் என்னை எழுதத் தூண்டியது இதுவன்று. கடந்த மாதம் அவருடைய தந்தை என் அறைக்கு வந்தார். மகளின் ஒப்பந்தம் முடியப்போகிறது. அவள் திரும்பி வருவதாகச் சொல்கிறாள். 'சாமி, நீங்க சொன்னா கேப்பா. இன்னும் ரெண்டே வருசம் இருக்கச் சொல்லுங்க' என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். கட்டுமரத்தில் முதுகு ஒடிந்த உழைப்பாளி. மகளைப் படிக்க வைக்கக் கடன் வாங்கியவர். அந்தக் கடனுக்காக ஊராரின் பேச்சைக் கேட்டவர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. மகள் புறப்படும் நாளில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அதில் 2019-இல் எழுதிய திட்டம் நான்கு வரிகள். முதல் வரி, வீட்டுக் கடன் 6 இலட்சம். இரண்டாவது, தம்பியின் படிப்பு. மூன்றாவது, தம் திருமணத்துக்கான நகை. நான்காவது, ஊருக்குத் திரும்பி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, இங்கேயே பணியில் சேர்ந்து, மீனவப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு வகுப்பு நடத்துவது. இதற்கெல்லாம் அவர் குறித்த காலம் நான்கு ஆண்டுகள்.

முதல் வரி 2022-இல் அடிக்கப்பட்டது. இரண்டாவது வரி 2024-இல் அடிக்கப்பட்டது. மூன்றாவது வரிக்காகச் சேர்ந்தது வீட்டு மாடியாக எழும்பி நிற்கிறது. நான்காவது வரி எழுதியபடியே இருக்கிறது. தமிழ்நாட்டில் தகுதித் தேர்வு 2019, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டது. ஒன்றைத் தவறவிட்டவர் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இவர் மூன்றையும் தவறவிட்டார். வகுப்பை விட்டு வர விடுப்பு இல்லை. தந்தை கேட்கும் 'ரெண்டே வருசம்' எதிலிருந்து வெட்டப்படுகிறது என்பதை அந்த நோட்டுப் புத்தகமே காட்டுகிறது.

இன்னொன்றும் அதில் எழுதப்படாமல் இருக்கிறது. 2020-இல் தொற்றுநோய் பரவியபோது நம் கடற்படைக் கப்பல்கள் மாலேயிலிருந்து இந்தியரை ஏற்றிவந்தன. ஜூன் 7 அன்று 'ஜலாஷ்வா' கப்பல் ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. நம் ஆசிரியை அதில் ஏறவில்லை. ஏறினால் வேலை காத்திருக்குமா என்ற ஐயம். கடனோ பாதிகூடத் தீரவில்லை. அடுத்த மாதம் அவரை வளர்த்த பாட்டி இறந்தார். அடக்கத்தை அவர் கைபேசியில் பார்த்தார். கல்லறையில் மண் விழும்போது தொடர்பு அறுந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை. தந்தையும் அந்த நாளை மறக்கவில்லை. என்னிடம் அதைச் சொன்னபோது தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

1981-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், பிழைப்புக்காக இடம்பெயரும் குடும்பங்களுக்குத் திருச்சபையின் தனிப்பட்ட அக்கறை வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த அக்கறை பங்கு அலுவலகத்தில் மட்டும் பிறப்பதன்று. வீட்டுத் திண்ணையில் பிறக்க வேண்டும். யோசேப்பின் சகோதரர்கள் எகிப்துக்குத் தானியம் தேடித்தான் போனார்கள். அங்கே தங்கள் தம்பியைக் கண்டுகொண்டார்கள். நம்மில் சிலர் தானியத்தோடு திரும்பிவிடுகிறோம், பிள்ளையைக் காண்பதில்லை.

ஆகவே பெற்றோருக்குச் சில சொற்கள். பிள்ளை புறப்படும் முன்பே, திரும்பும் ஆண்டை இரு தரப்பாரும் சேர்ந்து எழுதி வையுங்கள். அதை நீட்டிக்க வேண்டுமானால் முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு பிள்ளையின் பெயரிலேயே சேரட்டும். அதை வீட்டுச் செலவுக்குத் தொடாதீர்கள். மகளாக இருந்தால் திருமணப் பேச்சை அவளுக்குத் தெரியாமல் முடிவுசெய்யாதீர்கள். ஏழு ஆண்டுகள் தனியே ஒரு தீவில் வாழ்ந்து வகுப்பை நடத்தியவளுக்குத் தன் வாழ்வைப் பற்றிச் சொல்லத் தெரியும்.

புறப்படும் இளைஞர்களுக்கும் சொல்லுகிறேன். ஆள் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசே 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது; அங்கேயும் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், விடுப்பு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். சம்பளம் அந்நாட்டு ருஃபியாவில் தரப்படுமானால், அதை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப என்ன கட்டுப்பாடு உண்டு என்பதைப் போகும் முன்பே கேட்டறியுங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

அந்தத் தந்தைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். மகளிடம் பேச நான் மறுத்தேன். நோட்டுப் புத்தகத்தின் நான்காவது வரியை வாசித்துவிட்டு நீங்களே பேசுங்கள் என்றேன். அந்த வரியை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மாடிப் பூச்சு வேலை பாதியில் நிற்கிறது. கொத்தனாருக்குப் பாக்கி இருக்கிறது. அவருடைய இக்கட்டும் பொய்யன்று. இன்னும் முடிவு ஏற்படவில்லை. ஆனால் சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும், நம் பள்ளிக்கூடத்தின் பின்கட்டு அறை மாலையில் காலியாகத்தானே கிடக்கிறது என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் குடும்பத்தாரே, இந்த வாரம் தொலைபேசி மணி அடிக்கும்போது பணம் எப்போது வரும் என்பதைக் கடைசியில் கேளுங்கள். 'இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது?' என்று தொடங்குங்கள். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே வராது. பொறுத்திருங்கள், வரும்.