கேலரிக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் பெயிண்ட்

திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்து, தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் முடித்த வேலை. நானூறு வருடத்துக்கும் மேலாக அசையாமல் நிற்கிறது. அதே தமிழ்நாட்டில் எத்தனையோ பொதுக் கட்டடங்கள் இருபது, முப்பது வருடத்திலேயே காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கின்றன. "அந்தக் கால வேலை மாதிரி வருமா?" என்று ஊரில் பெரியவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு.

விஷயம் அவ்வளவு மர்மமில்லை. கோபுரத்தில் கல்லின் மேல் கல், செங்கல்லின் மேல் செங்கல். பாரம் முழுக்க அழுத்தமாகக் கீழே இறங்குகிறது, துருப்பிடிக்க உள்ளே கம்பியில்லை. கான்கிரீட் அப்படியல்ல. கேலரிப் படி மாதிரி வளையும் பாகங்களில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அந்தக் கம்பிக்குக் காவல் மேலே இருக்கும் 20, 30 மில்லிமீட்டர் கான்கிரீட் மட்டுமே. காவல் போனால் கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பினால் கான்கிரீட் வெடிக்கும். அவ்வளவுதான்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாயில் என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மாவட்ட விளையாட்டரங்கமோ, வார்டு மைதானமோ, எதை மேம்படுத்தினாலும் முதலில் வருவது கேலரி, அதன் மேல் கூரை, முகப்பில் ஒரு வளைவு. வரட்டும், நல்லதுதான். தற்காலிக கேலரிகள் என்ன செய்யும் என்று 2021 மார்ச்சில் தெலங்கானா சூர்யாபேட்டையில் ஜூனியர் கபடிப் போட்டியில் பார்த்தாயிற்று. கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயம்.

ஆனால் கான்கிரீட் என்றாலே பாதுகாப்பு என்பதும் தப்புக்கணக்கு. பிரேசிலின் சால்வடார் நகரில் ஃபோன்ட்டே நோவா அரங்கம் 1951-ல் திறந்தது. பராமரிப்பில்லாமல் கிடந்த அதன் மேல் கேலரியில் 2007 நவம்பர் 25 அன்று ரசிகர்கள் குதித்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டு அப்படியே உடைந்து விழுந்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள். 2010-ல் அரங்கத்தையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

கேலரி என்பது வீட்டு மொட்டைமாடி இல்லை. நிலையான இருக்கை இல்லாத கேலரிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. வீட்டு அறைக்குச் சொல்வதைப்போல் இரண்டரை மடங்கு. கடைசி ஓவரில் ஐநூறு பையன்கள் ஒரே தாளத்தில் குதிப்பது இன்னொரு சோதனை.

இங்கேதான் திருவண்ணாமலையின் வெயில் வருகிறது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். வறண்ட வெயில் என்றால் 10 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டாக இருந்தால் 14 நாள் வரை சொல்கிறார்கள். நிதியாண்டு முடிவதற்குள் பில் போடும் அவசரத்தில் மார்ச்சில் சென்ட்ரிங் அடித்து, அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் கொட்டி, காலையில் ஒரு குடம் மாலையில் ஒரு குடம் என்று தெளித்தால் என்ன ஆகும்? மேல்தோல் வெடிக்கும். வெடிப்பை பெயிண்ட் மறைக்கும். திறப்பு விழாவும் நன்றாகவே நடக்கும்!

இந்த ஊருக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொது விதி. பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் கிரிவலம் வரும் ஊரில் லாரி எங்கே நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? நிற்கிற லாரியில் இறுகத் தொடங்கிய கலவையை, தண்ணீர் ஊற்றி இளக்கிக் கொட்டினால் பலம் போச்சு. ஆகவே கேலரி வேலைக்கு நல்ல காலம் தீபமும் வடகிழக்குப் பருவமழையும் முடிந்த ஜனவரி, பிப்ரவரிதான், அதுவும் பௌர்ணமி நாட்களை விட்டு. இதற்கு ஒரு ரூபாய்கூட அதிகச் செலவில்லை, காலண்டரைப் பார்த்தால் போதும்.

மீதியைப் பொதுமக்கள் கேட்க வேண்டும். கான்கிரீட் போடும் அன்றே 150 மில்லிமீட்டர் கியூப் எடுத்து, 28-ம் நாள் உடைத்துப் பார்ப்பது கட்டாயம். 6-லிருந்து 15 கன மீட்டருக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். அந்த முடிவை ஏதோ ஒரு ஃபைலில் வைக்காமல் மைதான வாசலில் போர்டில் எழுதி வைத்தால் என்ன? ஒப்பந்தத் தொகை எழுதும் போர்டில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்காதா?

"இதெல்லாம் இன்ஜினியர் வேலை, ஜனங்களுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கான்கிரீட்டின் எண் எம்-20-ஆ எம்-25-ஆ என்று முடிவு செய்வது இன்ஜினியர்தான், சந்தேகமில்லை. ஆனால் புதுக் கேலரி மேல் ஈரச்சாக்கு கிடக்கிறதா இல்லையா என்று பார்க்கப் படிப்பு எதற்கு? தினமும் காலையில் நடக்க வருபவர்களுக்கும், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கும் கண் இருக்கிறதே. சாக்கு காய்ந்து கிடந்தால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். பெயிண்ட் அடித்தபிறகு கேட்டுப் பயனில்லை.